ஞாயிற்றுக்கிழமை இலைக்காரி

எங்கள் தோட்டத்தில் தொலைபேசிக் கம்பி ஆபீசோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ரப்பர் பால் தரும் கித்தாமரங்கள்தான். மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை, அதன் கடைசியில் வரிசை வீடுகளாக எங்கள் லயம். தம்பின் என்ற பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து பெரிய சாலையில் இறங்கினால், அந்தப் பாதையில் நடந்து வீடு சேர்வதற்குள் சேலை ஓரம் சிவந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, முகம் பார்த்திராத பல தேசத்துச் சின்ன வியாபாரிகளோடு கணினி வழியாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்றால் என் மகள் நம்புவதில்லை. "லைன் இல்லாம எப்படிம்மா?" என்று கேட்கிறாள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் செனவாங்கில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். பெட்டிகளின் மேல் ஒட்டும் தாளில் போய்ச் சேர வேண்டிய ஊரைத் தட்டச்சு செய்வது என் வேலை. ராட்டர்டாம், ஒசாகா, ஹாம்பர்க் என்று அடித்துக்கொண்டே இருப்பேன். அடிக்க அடிக்க அந்த ஊர்களின் வானிலை கூட எனக்குத் தெரிந்ததுபோல் ஆகிவிடும். ராட்டர்டாமில் எப்போதும் சாயங்காலம் என்று ஏனோ நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டேன். மகள் பிறந்தாள். வேலையை விட்டேன். ஊர்ப் பெயர்கள் மட்டும் என்னோடு லயத்துக்கு வந்துவிட்டன.

இலை விஷயம் தானாக நடந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில், கல்லில் ஒட்டிக்கிடந்த ஒரு கித்தா இலையைப் பார்த்தேன். சதையெல்லாம் தண்ணீரில் அழுகிப்போய் நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். அதற்குள்ளே கொடியில் காயும் துணிகள் தெரிந்தன, எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது, எல்லாம் கொசுவலைக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கலாக. ஈரக் கையோடு அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உள்ளே மகள் அழுத பிறகுதான் நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு நானே செய்து பார்க்க ஆரம்பித்தேன். முற்றிய பச்சை இலைகளாகப் பறித்து ஒரு தகர டிரம்மில் ஊறப்போடுவேன். வாரக்கணக்கில் ஊறி இலை கொழகொழவென்று ஆனதும், பழைய பல் துலக்கும் பிரஷால் சதையை மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் கிழிந்துவிடும். பிறகு துணி வெளுக்கும் மருந்தில் முக்கி எடுத்து, பழைய பேப்பருக்கு நடுவே வைத்து மெத்தைக்கு அடியில் அழுத்தி வைப்பேன். காய்ந்ததும் அது இலையா, பூச்சியின் சிறகா என்று சொல்ல முடியாது. சிரம்பானில் ஒரு புத்தகக் கடைக்காரர் அவற்றைப் பக்கம் குறிக்கும் அட்டைகளாக ஒட்டி விற்றுத் தந்தார்.

என் வீட்டுக்காரருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. "கீழ கொட்டிக் கெடக்குற எலய எடுத்து விக்கிற. அடுத்து என்னா, காத்தப் புடிச்சு விப்பியா?" என்பார். ஆனால் லோரியில் வரும்போது நல்ல இலையாகத் தெரிந்தால் கிளையோடு ஒடித்துக்கொண்டு வருவார்.

அவருடைய தம்பி பாரோயில் குடியிருந்தார். சிரம்பானில் ஒரு கம்பெனியில் கணினி பழுது பார்க்கிற வேலை. அவருடைய ஆபீசில் ஒதுக்கிப் போட்ட பழைய கணினி ஒன்றை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மகள் அதன் பெட்டியில் உட்கார்ந்து விளையாடினாள். கணினியை என்ன செய்வது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. கணினியில் கணக்கு வைக்கும் அளவுக்கு என் இலை வியாபாரம் பெரிதாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது அவர் சொன்னார்: "அண்ணி, இன்டர்நெட்ல ஒரு கூட்டம் இருக்கு. எல்லாம் உங்கள மாதிரி சின்ன யாவாரம் பண்றவங்க. ஒவ்வொரு ஊர்ல இருந்தும் எழுதுறாங்க. நீங்களும் சேரலாம்."

"நான் எங்க யாவாரம் பண்றேன் தம்பி? எலய ஊறப்போடுறேன்."

"அங்க ஒருத்தரு பட்டன் மட்டும் விக்கிறாரு அண்ணி. சட்டப் பட்டன். அவரே சேந்திருக்காரு."

"சேந்து?"

"சேந்து பேசிக்கிறாங்க. யாருக்கு என்னா வேணும், யாருகிட்ட என்னா இருக்குன்னு."

அவர் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி மோடத்தில் செருகினார். அது கீச்சிட்டு, கரகரத்து, யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் செருமி, பிறகு சட்டென்று அமைதியானது. அந்த அமைதிதான் வெளியுலகம் என்று அவர் சொன்னார். திரையில் எழுத்துகள் வரிவரியாக இறங்கின.

சேர வேண்டுமானால் அறிமுகம் எழுத வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் ஒரே விதி. நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும், மற்றவர்களுக்கு உங்களால் என்ன கொடுக்க முடியும். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்து வந்தேன். அந்த வாரம் முழுவதும் சோறு வடிக்கும்போதும் இலை தேய்க்கும்போதும் அவை என் தலைக்குள்ளேயே சுற்றின. நீங்கள் யார் என்று என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. லயத்தில் எல்லாருக்கும் தெரியும். தொழிற்சாலையில் கழுத்தில் அட்டை தொங்கியது.

வீட்டுக்காரர் யோசனை சொன்னார். "மேனேஜிங் டைரக்டர்னு போடு."

"எதுக்கு மேனேஜிங் டைரக்டர்?"

"டிரம்முக்கு."

கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். யாருக்கும் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. பிறகு வியாழனோ வெள்ளியோ, மகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது: உடையக்கூடிய சாமானை எப்படிப் பொதிய வேண்டும், கப்பலில் போகும் பெட்டிக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எழுந்து போய் ஆங்கிலத்தில் தட்டினேன். கித்தாத் தோட்டத்தில் இருக்கும் குடும்பப் பெண் நான், இலையிலிருந்து வலை செய்கிறேன், மெல்லிய பொருள்களைப் பத்திரமாக அனுப்பும் விதம் பற்றி யார் கேட்டாலும் சொல்வேன், எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது, ஆகவே பதில் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதை ஒரு பிளாப்பியில் பதிந்து, மகளின் பால்பவுடர் டின்னில் வைத்து மூடி, மோட்டார் சைக்கிளில் பாரோய்க்கு எடுத்துப் போனோம்.

அப்படித்தான் அது நடந்தது. ஞாயிறுதோறும் என் கொழுந்தன் அந்த வாரம் முழுவதும் குவிந்திருந்த கடிதங்களை இறக்கி பிளாப்பியில் போட்டுத் தருவார். நான் எழுதி வைத்திருந்த பதில்களை அனுப்புவார். நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். மழை வரும்போல் இருந்தால் டின்னை என் சேலைக்குள் வைத்துக் கட்டிக்கொள்வேன். உலகத்தின் ஒரு வாரப் பேச்சு என் இடுப்பில் குளிர்ச்சியாக இருக்கும்.

திங்கட்கிழமை மதியம்தான் படிக்கத் தொடங்குவேன். பட்டையைக் கீறிப் பால் எடுக்க மரம் வெட்டப் போனவர்கள் திரும்பிவந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். லயமே தூங்கும். மகளும் தூங்குவாள். மரங்களுக்கு மேல் மழை வந்து நிற்கும் சத்தம், விழுவதற்கு முன்பே கேட்கும். அந்த நேரத்தில் திரையின் முன்னால் உட்கார்ந்தால், பட்டன் விற்பவர் ஒரு துறைமுக ஊரில் தன் கடைக் கதவைத் திறப்பார். தேனீ வளர்ப்பவர் ஒருவர் பனி விழுந்துவிட்டது என்று எழுதுவார். குளிர்நாடு ஒன்றில் காகிதக் கடை வைத்திருந்த ஓர் அம்மாள் தன் பூனை மசிக்குப்பியைக் கவிழ்த்துவிட்டதைச் சொல்வார். யாருக்கு எங்கே நல்ல கயிறு கிடைக்கும், எந்த ஊர்த் தரகர் நேர்மையானவர், பணம் கட்டாத வாடிக்கையாளருக்கு மரியாதையாக எப்படி எழுதுவது என்றெல்லாம் பேச்சு போகும். அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் லயத்தில் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லாமே எனக்கு ஒரு வாரம் பிந்தித்தான் நடந்தது. ஒருமுறை தேன்காரருக்கும் பட்டன்காரருக்கும் பெரிய சண்டை. ஒருவர் இனி எழுதவே மாட்டேன் என்று போய்விட்டார். நான் பதறிப்போய், இரண்டு பேரும் நல்லவர்கள், கோபத்தை விடுங்கள் என்று நீளமாக ஒரு சமாதானக் கடிதம் எழுதி எடுத்துப் போனேன். அது போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சமாதானமாகி, தேன் ஜாடி மூடிக்கு எந்த நிறம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு நன்றி எழுதினார்கள். அதற்குப் பிறகு என்னை ஞாயிற்றுக்கிழமை இலைக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாராவது கண்ணாடிச் சாமான் அனுப்பப் போகிறேன் என்று எழுதினால், இலைக்காரி வரட்டும், ஞாயிறு வரை பொறுங்கள் என்று வேறொருவர் பதில் போடுவார். அதைப் படிக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ இதமாகப் பரவும்.

காகிதக் கடை அம்மாள்தான் முதலில் இலை கேட்டார். மாதிரிக்கு நான் அனுப்பியதை வாழ்த்து அட்டையில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். கல்யாண அழைப்புகளுக்கு ஒரு பெரிய பெட்டி நிறைய வேண்டும் என்று எழுதினார். நான் அதைப் படித்தபோது மரங்கள் மொட்டையாக நின்றன. வருஷத்துக்கு ஒருமுறை கித்தாக்காடு மஞ்சளும் சிவப்புமாகி உதிர்ந்துவிடும். அப்போது காட்டுக்குள் வானம் இறங்கி வந்ததுபோல் வெளிச்சமாக இருக்கும். புதுத் துளிர் விட்டு, அது முற்றினால்தான் எனக்கு வேலை. மரங்களிடம் இப்போது இலை இல்லை, காத்திருக்க முடியுமா என்று எழுதினேன். அது போய், அதற்கடுத்த ஞாயிறு பதில் இருந்தது. மரங்களை அவசரப்படுத்த வேண்டாம், என் வாடிக்கையாளர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இலை முற்றியதும் என் டிரம் போதவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவர் பால்மரம் வெட்டுகிறவர், என்னைவிட மூத்தவர், அதிகம் பேசமாட்டார். வந்து ஓர் இலையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தன் வீட்டு டிரம்மைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னும் சில பெண்கள் சேர்ந்தார்கள். மதியங்களில் என் வீட்டுப் பின்புறம் பலகை போட்டு உட்கார்ந்து எல்லாரும் தேய்ப்போம். யாரும் பேசாவிட்டாலும் பிரஷ்கள் பேசிக்கொண்டிருக்கும்.

நாற்றத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அழுகிய இலைத் தண்ணீர் லயம் முழுவதும் வீசியது. ஒருநாள் ஆபீசில் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

"என்னம்மா இது? லயத்துல எலி செத்துக் கெடக்குதான்னு தொரை கேக்குறாரு."

எதிர்வீட்டு அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எலி இல்லங்கய்யா, எல."

கிராணி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். டிரம்களைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். இலைகள் காய்ந்து பெட்டி நிறைந்ததும், அதில் பெறுநர் முகவரியை நானே தட்டச்சு செய்து ஒட்டினேன். இந்த முறை அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார்.

பெட்டி ஓர் இலைகூடக் கிழியாமல் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வருஷம் ஒரு பெட்டி என்று ஆனது. நானும் அந்த அம்மாளும் கூட்டத்துக்கு வெளியேயும் எழுதிக்கொண்டோம். அவர் தனியாக இருந்தார். கடைக்கு மேலேயே வீடு. உங்கள் மரங்களுக்குக் கீழே நின்றால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி கேட்பார். பச்சைத் தண்ணீருக்குள் நிற்பதுபோல் இருக்கும் என்று ஒருமுறை எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரோயில் கடிதங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் திரையைப் பார்த்து, "அண்ணி, இங்க வாங்க" என்றார். குரலில் ஏதோ இருந்தது.

அந்த அம்மாளின் கடிதம். செவ்வாய்க்கிழமை எழுதியது. சிங்கப்பூரில் ஒரு காகிதக் கண்காட்சிக்காகத் திடீரென்று வந்திருக்கிறேன், வியாழக்கிழமை ரயிலில் கோலாலம்பூருக்குப் போகிறேன், வழியில் தம்பின் என்ற ஸ்டேஷன் இருப்பதை நேரக்குறிப்பில் பார்த்தேன், உங்கள் தபால்பெட்டி அந்த ஊரில்தானே, அங்கே இறங்கி மதியம் முழுவதும் இருப்பேன், அடுத்த ரயிலில் போவேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் படிப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் ஏதாவது அதிசயம் நடந்து இதை முன்பே பார்த்தால் வாருங்கள். பச்சைச் சட்டை போட்டிருப்பேன்.

திரும்பவும் படித்தேன். வீட்டுக்காரர் தட்டில் கையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"அவுங்க வந்துட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"காயிதக் கடக்காரம்மா. தம்பினுக்கு. வியாழக்கெழம."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து மோட்டார் சாவியை எடுத்தார். "வா, போயிப் பாத்துட்டு வருவோம்."

"போயி என்னாத்தப் பாக்க? அவுங்கதான் இல்லயே."

"எடத்தப் பாக்கலாம்லா."

மகளை நடுவில் வைத்துக்கொண்டு போனோம். ரெம்பாவ் தாண்டி, வயல்களையும் மரங்களையும் தாண்டிப் போகும் வழியெல்லாம் வியாழக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இலை தேய்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கான இலைகளைத்தான். ரயிலின் ஊதல் எங்கள் லயம்வரை கேட்கும். அன்றைக்கும் கேட்டிருக்கும். தினமும் கேட்கிறது என்பதால் காதில் விழவில்லை.

தம்பின் ஸ்டேஷன் என்று பேர், ஆனால் அது மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், மலாக்காவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்மதியம். தண்டவாளம் வெயிலில் நெளிந்தது. நடைமேடையில் ஒரு நாயும் காலி பெஞ்சுகளும். பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை, கரையோரத்துத் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தியது. அவரை எல்லாரும், அண்ணன் என்கிற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டு, வியாழக்கிழமை இங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தாரா என்று கேட்டேன்.

அவர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா தங்கச்சி அது?"

தலையை ஆட்டினேன்.

"வந்தாங்க. பச்சச் சட்ட. அந்த பெஞ்சுலதான் இருந்தாங்க. சேல கட்டுனவுங்க யாரு வந்தாலும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தாங்க. யாருக்குக் காத்திருக்கீங்கன்னு இங்கிலீசுல கேட்டேன். சிநேகிதிக்குன்னாங்க. எந்தத் தோட்டம்னா தெரியல. போஸ்ட் பெட்டி நம்பர்தான் கையில இருந்துச்சு. போஸ்டாபீசுல கேட்டா சொல்லுவாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்."

"போனீங்களா?"

"வேணாம்னுட்டாங்க. சொல்லாம கொள்ளாம ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிக்கறது மரியாத இல்லன்னாங்க."

வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப வருத்தப்பட்டாங்களா நானா?"

"அப்படித் தெரியல தம்பி. தேத்தண்ணி குடிச்சாங்க, நல்லா இருக்குன்னு இன்னொண்ணு கேட்டாங்க. அப்பறம் கித்தாமரம் எதுன்னு கேட்டாங்க. பின்னாடி கொஞ்சம் நிக்குதுல்ல, அங்க கூட்டிட்டுப் போயி காட்டுனேன். போட்டோ கீட்டோ ஒண்ணும் எடுக்கல. கீழ நின்னு மேல பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான் கடையப் பாக்க வந்துட்டேன். ரயிலு வர்ற நேரமாச்சேன்னு போயி கூப்புட்டாதான் வந்தாங்க."

நாங்கள் பின்பக்கம் போனோம். யாரும் பால் வெட்டாமல் விட்ட கிழட்டு மரங்கள். பட்டையெல்லாம் முண்டு முண்டாக இருந்தது. கீழே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. நானும் போய் நின்று மேலே பார்த்தேன். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "என்னாம்மா இருக்கு மேல?" என்று கேட்டாள். இலைதான் என்றேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

திரும்பும்போது வீட்டுக்காரர் முன்பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்த தடவ வந்தா லோரியிலயே கூட்டிக்கிட்டு வந்துருவோம். மேல ஒக்காந்தா காடு நல்லாத் தெரியும்."

அந்த வாரம் முழுவதும் கடிதம் எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், நானா சொன்னதையெல்லாம் அப்படியே எழுதி, நானும் அந்த மரங்களுக்குக் கீழே போய் நின்றேன் என்பதோடு முடித்தேன். அடுத்த ஞாயிறு அது போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு பதில் இருந்தது. நான் அங்கே இருந்தபோது நீங்கள் இன்னும் போன வாரத்தில் இருந்தீர்கள், அவ்வளவுதான், அதற்காக வருந்தாதீர்கள் என்று எழுதியிருந்தார். பச்சைத் தண்ணீர் என்று சொன்னது சரிதான், ஆனால் அதில் பறவைகள் கத்தும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்றும் கேட்டிருந்தார். எங்களுக்குள் நடந்ததைக் கூட்டத்துக்கும் சொல்லியிருந்தார் போல. அந்த வாரப் பிளாப்பியில் எல்லாரும் அதையே பேசியிருந்தார்கள். பட்டன்காரர், நான் வருவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே ஞாயிற்றுக்கிழமையில் எழுதுவேன் என்றார்.

அவர்கள் இருவருமே பிறகு வரவில்லை. வந்திருக்கலாம். அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி வந்து பயணம் நின்றுபோனது. இலைகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய்வந்த சமயத்தில்தான் எதிர்வீட்டு அக்கா ஒரு மதியம் வந்து கதவருகே நின்றார். குளித்த தலை ஈரமாக இருந்தது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல ஒக்காந்திருந்தாங்களாமே அந்தம்மா. ஒங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

"ஆமாக்கா."

"நான் தேச்ச எலையும் அவுங்ககிட்டதான் போவுதா?"

"ஒங்க எலதான் நெறையப் போவுது. நீங்க தேச்சா கிழியறதில்லயே."

அவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "இதுல என்னயும் போடலாமா?" என்று கேட்டார்.

நான் அந்தக் கேள்விகளை அவருக்குத் தமிழில் சொன்னேன். யார் என்ற கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. "பால்மரம் வெட்டுறவ. பெறந்தது இதே லயம்." என்ன வேண்டும் என்ற கேள்வி வந்ததும் ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டார். கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் வேணாம்னு போட்டா சேத்துக்க மாட்டாங்களா?"

"சேத்துக்குவாங்கக்கா."

"அப்ப ஒண்ணும் வேணாம். இல்ல, இரு. பனி எப்படி இருக்கும்னு யாராச்சும் சொல்லச் சொல்லு."

அதையே ஆங்கிலத்தில் தட்டினேன். என்ன கொடுக்க முடியும் என்பதற்கு, எவ்வளவு மெல்லிய இலையையும் கிழிக்காமல் தேய்க்கக் கற்றுக்கொடுப்பேன் என்று சொல்லச் சொன்னார். அந்த ஞாயிறு அது போனது. அதற்கடுத்த ஞாயிறு வந்த பிளாப்பியில் பனியைப் பற்றி மட்டும் அவ்வளவு கடிதங்கள். திங்கள் மதியம் அக்கா வந்து உட்கார்ந்துகொள்ள, நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். தேன்காரர், பனி விழும்போது காது அடைத்ததுபோல் ஊர் முழுவதும் சத்தம் குறைந்துவிடும் என்று எழுதியிருந்தார். கயிறு விற்பவர், வழுக்கி விழுந்து கை முறிந்தது, அவ்வளவுதான் பனி என்றிருந்தார். அக்கா அதற்குச் சிரித்தார். காகிதக் கடை அம்மாள், கையில் விழுந்தால் முதலில் அதன் நரம்புகள் தெரியும், பிறகு தண்ணீர் என்று எழுதியிருந்தார். அதை மட்டும் அக்கா திரும்பச் சொல்லச் சொன்னார்.

மகள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் நாங்கள் பாரோய்க்கே குடிபெயர்ந்தோம். தோட்டத்தில் கித்தா மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்கான செம்பனை நடத் தொடங்கியிருந்தார்கள். அக்கா பக்கத்துத் தோட்டத்திலிருந்து இன்னும் சில வருஷம் இலை தேய்த்து அனுப்பினார். பிறகு செண்டாயான் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார். கூட்டம் பெரிதானது. பேர் தெரியாதவர்கள் வந்து விளம்பரம் மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். பழையவர்கள் ஒவ்வொருவராக எழுதுவதைக் குறைத்தார்கள். எது கடைசிக் கடிதம் என்று நான் கவனிக்கவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், பாரோய் வீட்டுக்குத் தொலைபேசி வந்த முதல் சாயங்காலம் நினைவிருக்கிறது. கொழுந்தன் வந்து கம்பியைச் செருகித் தந்துவிட்டுப் போய்விட்டார். முதல்முறையாக நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெளியே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு லைன் வந்துவிட்டது என்று எழுதி அனுப்பிவிட்டு, பழக்கத்தில் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் திரையில் ஒரு வரி வந்து நின்றது. பட்டன்காரர். நீங்கள் இப்போது, இந்த நிமிஷம், அங்கே இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. கதவைத் தட்டாமல் ஒருவர் உள்ளே வந்து நிற்பதுபோல். கலைந்திருந்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டேன். பிறகு, ஆமாம், இருக்கிறேன் என்று தட்டினேன். அடுத்து என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் வெகுநேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தோம்.